இருபத்தொரு பாகை

டாரில் ஓய்வுபெற்ற வெள்ளிக்கிழமை
கேக்கில் பாதி மிஞ்சியிருந்தபோதே
என்னை ஓரமாகக் கூப்பிட்டு
ஒரு சின்னச் சாவியைக் கையில் வைத்தார்.
"இனி இது உன்னுடையது, சுகிர்தா."

இங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.
தமிழில் நினைக்கையில் மட்டும்
அவர் எனக்குப் பதினொரு வருடமாய் 'அவர்'.
அந்தச் சாவியும் அவர் இடுப்பில்
பதினொரு வருடம்.

மேற்குச் சுவரில், தீயணைப்பானுக்குப் பக்கத்தில்,
பிளாஸ்டிக் மூடிக்குள் பூட்டிக் கிடக்கும் தெர்மோஸ்டாட்.
மேலாளர் தவிர வேறெவரும் தொடக்கூடாது.

வின்னிபெக்கில் சனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நாங்கள் அறுபத்து நாலு பேர்
காதில் கருவி மாட்டிக்கொண்டு
தண்ணீர் புகுந்த நிலவறைகளிடமும்
பனியில் நசுங்கிய கார்களிடமும்
"உங்கள் நிலைமை விளங்குகிறது" என்று சொல்லும் வேலை.
ரோசலிண்டா மேசைக்கடியில் போர்வை வைத்திருப்பாள்.
ஜன்னலோர வரிசை விரல் வெட்டிய கையுறையோடு தட்டச்சும்.

குளிர்கிறது என்றால் டாரிலிடம் போகவேண்டும்.
அதற்கொரு முறை இருந்தது:
முதலில் ஹாக்கி. பிறகு அவர் நாயின் இடுப்பெலும்பு.
குளிர் கடைசியில்.
அவர் எழுந்து நடப்பார், சாவி குலுங்கும்,
தலை திருப்பாமலே முழு அறையும் பார்க்கும்
யாருக்காக எழுந்தார், யாருக்காக எழவில்லை என்று.
எனக்காக மூன்று தடவை எழுந்திருக்கிறார்.
வெட்கமாகத்தான் இருக்கிறது.
எண்ணி வைத்திருக்கிறேன்.

திங்கள் காலை, யாரும் வருமுன், பூட்டைத் திறந்தேன்.
இருபத்தொன்று என்று வைத்தேன். காத்திருந்தேன்.
இருபத்தாறு. காத்திருந்தேன்.
குழாய்களில் ஒரு முனகலும் இல்லை.
பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு கம்பிகள்,
நுனியில் கறுப்பு ஒட்டுநாடா,
எங்கும் போகாமல் சுருண்டு படுத்திருந்தன.

பராமரிப்புக்கார ஒலெக் தொலைபேசியில் சிரித்தான்.
"சூடு கால்கரியில் ஒரு கணினியிலிருந்து வருகிறது.
கட்டடம் வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான்.
டாரிலுக்குத் தெரியும்.
அவருக்கு முன்னால் இருந்தவளுக்கும்."

எட்டரைக் கூட்டத்தில் சொல்லிவிடுவதென்று இருந்தேன்.

எட்டு இருபதுக்கு ரோசலிண்டா வந்து நின்றாள்.
மகனின் நீச்சல் வகுப்பு எப்படி என்றாள்.
சப்பாத்து வடிவாயிருக்கிறது என்றாள்.
எட்டு வருடம் பக்கத்து மேசை, ஒரே மைக்ரோவேவ்,
என் காலை அவள் பார்த்ததே கிடையாது.
ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான்;
ஆனாலும் அவள் குரலில் எனக்கு
'நீங்கள்' கேட்டது.
பிறகு, மெல்ல, "கொஞ்சம் குளிர்..."

எழுந்தேன்.
கால் தானாக எழுந்தது என்றால் பொய்.
சாவி குலுங்கியது.
அறுபத்திரண்டு முதுகுகள் அதைக் கேட்டன.
பூட்டைத் திறந்து
இல்லாத சூட்டில் ஒரு பாகை கூட்டினேன்.

பத்து நிமிடத்தில் அவள் போர்வையை மடித்து வைத்தாள்.
தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.
கூட்டத்தில் வாகன நிறுத்துமிடம் பற்றிப் பேசினேன்.

கால்கரிக்கு ஆறு கடிதம் எழுதிவிட்டேன்.
ஏழாவது வாரம் பதில் வந்தது:
உங்கள் தளத்திலிருந்து
இதுவரை எந்த முறைப்பாடும் பதிவாகவில்லை.
வாழ்த்துகள்.

உண்மைதான். முறைப்பாடெல்லாம்
என்னிடம் அல்லவா வருகிறது,
நாய் இல்லாததால் மகனை விசாரித்துக்கொண்டு.

நேற்று மதியம் மூடியைத் திறந்துபோட்டு
கம்பிகள் தெரிய, நாடாவும் தெரிய,
சாப்பிடப் போனேன்.
அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது
யாரோ பூட்டியிருந்தார்கள்.

அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் வகை அது.
அதற்குச் சாவி வேண்டியதில்லை.