இறக்கம்

எங்கள் ஊருக்கு இறக்கம் இல்லை.
வல்லின றகரம்தான், எழுத்துப்பிழை இல்லை.
ஆரியகுளத்தடியில் ஒரு போளையை வைத்தால்
கடற்கரைக்குப் போவதா என்று
யோசித்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

மலைநாட்டில் கழிவு தன் பாட்டில் இறங்கிப் போகும்.
இங்கே குழாயை நூறு மீற்றருக்கு அரை மீற்றர்
தாழ்த்தித் தாழ்த்திக் கொண்டுபோனால்
கொஞ்சத் தூரத்தில் சுண்ணாம்புக்கல்.
கல்லின் துளைக்குள்
எல்லாக் கிணறும் ஒன்றாய்ப் படுத்திருக்கிற
நல்ல தண்ணி.
அதைத் தொட முதல் யாராவது
தூக்கிவிட வேண்டும்.

கிழமையில் நாலு இரவு அந்த யாராவது நான்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள் அறை,
ஒரு ஜாம் மரம், பூட்டிய கேற்.
ட்ரான்ஸ்போமர் என்று நினைத்து
ஆடுகூட எட்டி நடக்கும்.
உள்ளே ஏழு மீற்றர்க் குழி,
முறை வைத்து ஓடும் இரண்டு பம்ப்.

தரகர் சொன்னார், "பிள்ளைக்குத் தண்ணீர்ப் பகுதியில வேலை."
மாப்பிள்ளையின் தாய் கேட்டா, "எந்தத் தண்ணி?"
"நீங்கள் இப்ப கை கழுவினது" என்றேன்.
தேத்தண்ணி ஆறிப்போச்சு.

விடிய ஐந்தேகாலுக்கு ஊர் எழும்புவதை
மிதவைதான் முதலில் சொல்லும்.
சனிக்கிழமை நல்லெண்ணெய் படரும்.
நல்லூர்த் தேர் முடிந்த மற்ற நாள்
மானி இறங்கும்: வந்த சனம் திரும்பிட்டுது.
பம்பின் பல்லில் ஒருநாள் பள்ளிக்கூட ரை,
ஒருநாள் தும்புத்தடியின் தலை,
எல்லா நாளும் பிள்ளைக்குத் துடைக்கிற ஈரக் கடதாசி.
கரையும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.
கரையாது.

கார்த்திகை. ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனறேற்றர் ஒருதரம் இருமிவிட்டுப் பேசாமல் இருந்தது.
கூரைப் பீலியைக் களவாய்க் குழாயில் விட்ட வீடுகளின்
மழையும் சேர்ந்து வந்தது.
இரண்டு எட்டு. மூன்று ஒன்று. மூன்று நாலு.
மூன்று ஒன்பதில் குருநகரில் ஒரு மூடி திறக்கும்,
ஐஸ் கொம்பனிக்குப் பின்னால், றெஜினா வீட்டு முற்றத்தில்.
மேலே இருப்பவர்கள் நல்ல நித்திரை.
மேலே என்றால் இரண்டு அடி.
ஒரு ஊரில் மேல் கீழ் சொல்ல
இரண்டு அடி போதும்.

சுவரில் ஒட்டிய தாளில் முதல் நம்பர்.
"அக்கா, மூடி ஆடுதோ?"
"ஆடேல்லை. ஆனா கதைக்குது."

யூட் வந்தான்.
மழைக்கோட்டைப் பற்றறிக்குப் போட்டுவிட்டு
தான் நனைந்து வந்தான்.
மாமாவின் மீன் லொறிப் பற்றறி,
மோட்டார்சைக்கிள் ராங்கில் கைக்குழந்தை மாதிரி.
வயரைப் பிடிக்க ரோச்சை வாயில் கடித்தேன்.
மூன்று ஏழு.
முதல் தரம் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை.
பிறகு ஒரு கறுத்த புகை,
நிலம் அதிர்ந்தது,
இருட்டுக்குள் ஏதோ பெரிதாய் மூச்சு வாங்கி
ஊரைத் தூக்கத் தொடங்கியது.

திரும்ப எடுத்தேன். "இப்ப?"
"வாய் மூடிட்டுது." கொஞ்சம் பொறுத்து,
"பிள்ளை, நீ ஆர்?"
"பம்ப்" என்றுதான் வந்தது.

கொப்பியில் எழுதினேன்:
02:55. இரண்டாம் பம்ப். சாதாரணம்.
யூட் சேட்டைப் பிழிந்துகொண்டு நேரம் கேட்டான்.
ஐந்துக்குள் பற்றறி லொறிக்குப் போகவேணும்,
பாசையூரில் மீன் ஏத்துவார்கள்.