இடக்கைக்கு மன்னிக்கவும்

எங்கள் புக்கோமில் இடக்கையால் காசு நீட்டினால்
எதிரிலிருப்பவர் கை எழாது.
வலக்கையில் பிள்ளையோ மீன்கூடையோ இருந்து
வேறு வழியில்லை என்றால்
"இடக்கைக்கு மன்னிக்கவும்" என்று
சொல்லிவிட்டுத்தான் நீட்ட வேண்டும்.

ஷோர்மே சொல்லாமலே நீட்டினாள்,
மூன்று முறை.
மூன்றையும் என் தாடை வாங்கிக்கொண்டது.

முதல் முறை
வலக்காலை முன்னால் வைத்து அவள் நின்றதைப் பார்த்து
சட்டையை உட்புறம் வெளியே போட்டு வந்தவளைப் பார்த்ததுபோல்
சிரித்துவிட்டேன்.
அவள் பாதத்தில் என் பாதம் இடறியது.
மிச்சத்தைப் பிறகு அடோட்டே சொன்னான்.

இரண்டாம் முறை சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை ஐந்து நீதிபதிகளில்
ஒருவர் எனக்குக் கொடுத்தார்.
அவர் எந்தச் சண்டையைப் பார்த்தாரோ,
அதை நானும் பார்க்க விரும்புகிறேன்.

எங்கள் பயிற்சிக்கூடத்தில் பதினெட்டுப் பேர்,
பதினெட்டும் வலக்கை.
அடோட்டே மட்டும் பிறவியில் இடது;
இரண்டாம் வகுப்பில் பிரம்பு திருத்தியது.
"இடக்கையால் அடிடா, பழக வேண்டும்" என்றால்
"மறந்துபோச்சு கோர்கோ" என்றான்.
மூக்கின்மேல் ஓங்கி ஒன்று வைத்தேன்.
மறந்த கை
நேராக வந்தது.
இருவரும் அப்படியே நின்றோம்.
அவன்தான் அதிகம் பயந்துபோனான்.

இரவில் முடிதிருத்தகத்தின் விரிசல் கண்ணாடி.
நான் இடக்காலை முன்னால் வைத்தால்
உள்ளே நிற்பவள் வலக்காலை முன்னால் வைக்கிறாள்.
இத்தனை வருஷமாய் ஒரு இடக்கைக்காரியோடுதான்
நிழற்சண்டை போட்டிருக்கிறேன்.
அவள் ஒருமுறையும் முந்தியதில்லை.
என்ன பிரயோஜனம்,
நானும்தான் முந்தியதில்லை.

சனிக்கிழமைகளில் ஷோர்மே கடற்கரைச் சாலையில்
மீன் பொரித்து விற்பாள்.
போய் வரிசையில் நின்றேன்.
இரண்டு கென்கி உருண்டை, மிளகாய்ச் சாந்து, சின்ன மீன் நான்கு.
ஐந்தாவதாய் ஒன்றை அவளே வைத்தாள்.
ஜெயித்தவளின் தாராளம்;
முள்ளோடு மென்று விழுங்கினேன்.

ஏழு சனிக்கிழமை, முப்பத்தைந்து மீன்.
ஏழாவதில்தான் கண்ணில் பட்டது:
இடக்கையால் புரட்டுகிறாள், இடக்கையால் எண்ணுகிறாள்,
கொடுக்கும்போது மட்டும்
வலக்கை தானாய்த் தாழ்ந்து விரிகிறது,
காசை இடமிருந்து வாங்கிக்கொள்ள.
அம்மாவிடம் வாங்கிய அடிகள் எத்தனையோ
அந்தத் தாழ்வில் இருந்தன.
அரை நொடி. அவ்வளவுதான்.
அரை நொடிக்குள்
ஒரு வீடு கட்டிக் குடியேறலாம் என்று தோன்றியது.

நான்காம் முறை.
ஹார்மட்டான் புழுதி கூரைத் தகரத்தின் வழியே
விளக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.
முதல் சுற்று அவளுடையது, மறுக்கவில்லை.
இரண்டாவதில்
என் இடப்பாதம் அவள் பாதத்துக்கு வெளியே
ஊன்றி நின்றது.
கையுறைக்குள் விரல் விரிவது தெரியாது.
ஆனால் தோள் தாழ்ந்தது,
இல்லாத சில்லறைக்காக.
என் வலது அதற்குமுன் போய்ச் சேர்ந்தது.

நடுவர் எட்டுவரை எண்ணினார்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
தன் வலக்கையைப் பார்த்தாள்,
வீட்டுச் சேதியை வெளியே சொன்னவளைப் பார்ப்பதுபோல்.

மூன்றுக்கு இரண்டு.
என் கையைத்தான் தூக்கினார்கள்.

அடுத்த சனிக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம்.
போனேன்.
மீன் நான்கு. எண்ணிப் பார்த்தேன், நான்கேதான்.
சில்லறையை இடக்கையால் நீட்டினாள்,
நேராக,
மன்னிப்புக் கேட்காமல்.
வரிசையில் யாரோ பல்லைக் கடித்தார்.
"என்ன பெண் இவள்" என்றார் ஒரு கிழவர்.

நான் கையை நீட்டினேன்.
அவள் வலத்தோள்
அசையவே இல்லை.
ஏப்ரலில் ஐந்தாவது.