முளையடித்த இடம்

இட்டமொழி தாண்டியதும்
ஆம்னிக்குள் செம்மண் ஏறி உட்கார்ந்துகொண்டது.
மாசி வெயில். காற்றாலைகளில்
ஒரு இறக்கைகூட அசையவில்லை.
"கச்சான் இன்னும் கிளம்பல,
கடல் கண்ணாடியா கெடக்கும் பாரு"
என்றாள் உலகம்மாள்.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு,
எதையும் சில்லில் வைத்துத்தான் பேசுவாள்.

கூடுதாழையில் கஸ்பார்
எங்களை ஏற இறங்கப் பார்த்தார்:
இரண்டு பொம்பளைகள், ஒரு கூடாரம்,
ஒரே ஒரு நீர்க்கண்ணாடி, குழாயோடு.
"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மூக்கா?"
இன்னொன்று பாளையங்கோட்டையில்
பிரிட்ஜ் மேல் பத்திரமாக இருப்பதை
நாங்கள் சொல்லவில்லை.

பார் மேல் வள்ளத்தை நிறுத்தினார்.
நூறு எண்ணும்வரை எனக்கு,
நூறு எண்ணும்வரை அவளுக்கு.
குறுக்குத்துறையில் படித்த நீச்சல் என்னுடையது.
ஆறு உள்ளே இழுக்கும்,
உப்புத்தண்ணீர் முதுகைப் பிடித்து
மேலே மேலே நீட்டிக் கொடுத்தது.
கீழே
கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கும் சத்தம்,
பக்கத்து வீட்டில் யாரோ முறுக்குத் தின்பதைப் போல.
பொந்துக்குள் அஞ்சாலை ஒன்று
வாயைத் திறந்து திறந்து மூடியது,
சொல்ல வந்ததை மறந்துபோன மாதிரி.
என் நூறு எப்போதும்
எண்பதிலேயே முடிந்துவிட்டது.

அவள் முறை. அறுபத்துநாலு எண்ணியிருந்தேன்.
தலையைத் தூக்கிக் கத்தினாள்:
"ஆமை! ஏட்டி, ஆமை!
முதுகுல கொட்டலசு ஒட்டியிருக்கு!"
கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு குனிந்தேன்.
பச்சை.
பச்சைக்குள் இன்னும் கொஞ்சம் பச்சை.

புளுகு என்றேன்.
சாளை சுட்டபோதும் புளுகு என்றேன்.
முள் எடுத்தபடியே அவள்
கொட்டலசு எத்தனை என்றுவரை சொன்னாள்.
இடம் பார்த்தது மட்டும் நான்தான்:
அலை எட்டாத மேடு,
காய்ந்த, இளக்கமான மணல்,
பின்னால் அடப்பங்கொடி,
விளக்கு வெளிச்சம் விழாத இருட்டு.
நாலு மூலைக்கும் நாலு முளை அடித்தேன்.
இதைவிட நல்ல இடம் இந்தக் கரையிலேயே இல்லை
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடுச்சாமத்தில் எதுவோ பிராண்டியது.
பெருமூச்சு ஒன்றும் கேட்டது.
நாய் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.

விடிந்தபோது
சின்ன டிராக்டர் ஒன்று ஏறி வந்ததைப்போல் தடம்.
தண்ணீரிலிருந்து நேராக எங்களிடம்.
கயிற்றில் ஈர மணல்.
தலைமாட்டு முளை சாய்ந்திருந்தது,
அதன் பக்கத்தில் தோண்டத் தொடங்கி விட்ட
ஒரு தட்டளவுப் பள்ளம்.
அப்புறம் அந்தத் தடம் திரும்பி,
வந்ததைவிடக் கோணலாக,
கடலுக்குள் போயிருந்தது.

நான் பார்த்த லட்சணங்களை எல்லாம்
அவளும் பார்த்திருக்கிறாள்.

கஸ்பார் பள்ளத்தில் கைவிட்டுத் துழாவினார்.
"போடல. திரும்பிட்டா."
எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு,
"இன்னிக்கு ராத்திரி வருவா, இல்ல நாளைக்கு.
வயித்துல வச்சிக்கிட்டு எங்க போவா?"

"நேத்து நீ பாத்தது இவளாத்தான் இருக்கும்" என்றேன்.
தோற்றுப்போனதை அப்படித்தான் சொல்லத் தெரிந்தது.
உலகம்மாள் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒரு சாம்பிள வச்சு
அதெல்லாம் சொல்ல முடியாது."

இரண்டு ராத்திரிக்கென்று வந்தவர்கள்
முளைகளைப் பிடுங்கினோம்.
குழிகளை அவள் காலால் மூடினாள்,
எனக்கென்னவோ கையால்தான் மூடத் தோன்றியது.
சாளை சுட்ட கரியையும் அள்ளிக்கொண்டோம்.

உவரி லாட்ஜில் மின்விசிறி கடகடத்தது.
தலையணையில் மணல், காதில் மணல்.
தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.
"இப்ப வந்திருக்குமா?" என்றாள் இருட்டில்.
"தெரியலயே."
"நூறு எண்ணு."

எண்ணினேன்.
எதுவரை எண்ணினேன் என்று
காலையில் இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.