மிதித்தவர்

கசற் இலக்கம் 214. பக்கம் ஆ.
உறையில் நீல மையால் ‘அக்கராயன்’ என்று மட்டும்.
ஆண்டு இல்லை. ஐப்பசியாக இருக்கும்,
பாட்டுக்குப் பின்னால் தகரத்தில் மழை.

மூன்று நாள் கேட்டேன்,
கிளிநொச்சியில், உரக்கடைக்கு மேல்மாடியில்,
பூஞ்சணத்தைப் பஞ்சால் ஒற்றி
பென்சிலால் நாடாவை இறுக்கிச் சுற்றி.
ஒரு ஆண்குரல்.
மண்ணெண்ணெய் குடித்துவிட்டு
ஏற்றத்தில் நின்று இருமுகிற மோட்டச்சைக்கிளைப் பற்றிய
பகிடிப் பாட்டு.
நாலு அடிக்கு ஒருதரம் குரல் மெலிந்து மேலே போகும்,
பெண்குரலாகும், அணில்குரலாகும்,
பிறகு யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல
தன் இடத்துக்கு இறங்கிவரும்.
நாலாம் நிமிடம் பன்னிரண்டாம் வினாடியில்
கீச்சென்று ஏறி
அறுந்தது.

குறிப்பில் எழுதினேன்:
‘ஷெல் வீச்சாக இருக்கலாம்.’
எங்கள் பக்கத்தில் எது நடுவில் நின்றாலும்
கை தானாக எழுதுகிற வாக்கியம் அது.

ரொறன்ரோவில் இருந்து ஒலி திருத்துகிறவர் எழுதினார்:
வேகத்தைச் சீராக்கியாச்சு, இப்ப கேட்டுப் பாருங்கோ.
கேட்டேன். நல்லாய்த்தான் பாடியிருக்கிறார்.
சுருதி சுத்தம்.
அந்த வீட்டில் அவர் மட்டும் இருந்தார்.

விசுவமடுவில் கோழித்தீன் விற்கும் நகுலேஸ்வரியிடம்
வேறொரு கசற்றுக்காகத்தான் போனேன்.
கதைக்கு இடையில் சும்மா போட்டுக் காட்டினேன்,
திருத்தாததை.
தராசில் இருந்த கையை எடுக்காமல் கேட்டா.
குரல் முதல்தரம் மேலே போனபோது
‘அது நான்’ என்றா.

‘பாடினதோ?’

‘இல்லை. மிதிச்சது.’

பற்றரி வன்னிக்குள் வராத காலம்.
ஸ்ராண்டில் ஏற்றிய சைக்கிள்,
டைனமோவில் இருந்து இரண்டு வயர்,
வயரின் மறுமுனையில் ரேப் றெக்கோடர்,
சீற்றில் பதினாலு வயது.
கால் உளைந்து அவ மெதுவாகிற நேரமெல்லாம்
உள்ளே நாடாவும் மெதுவாகும்.
இன்றைக்குச் சம வேகத்தில் ஓடவிட்டால்
அந்த இடங்களில் குரல் பறக்கும்.
அவ களைத்த இடமெல்லாம்
அவர் உச்சத்தில் பாடுகிறார்.

‘கடைசியில் என்ன நடந்தது?’ என்றேன்,
பயிற்சிப் பட்டறையில் பழக்கித் தந்த
அந்த மெல்லிய குரலில்.
அவ சிரித்தா.
சாய்ந்திருந்த தீன்மூடை குலுங்கச் சிரித்தா.

‘சங்கிலி கழண்டது, தங்கச்சி.
கை முழுக்கக் கிறீஸ்.
கனகேந்திரண்ணைக்கு வந்த கோபம்!
அரைக்கட்டி சவர்க்காரம் தாறன் எண்டுதான் என்னை ஏத்தினவர்.
பாட்டு முடியேல்லை, அதால தரேல்லை.’

அவர் இப்போது எங்கே என்று கேட்டேன்.
றெக்கோடரை நிற்பாட்டச் சொன்னா.
நிற்பாட்டினேன்.
பதிவேட்டில் இருக்கிறது:
நிறுத்தியது பிற்பகல் 2.10, தொடர்ந்தது 2.35.
அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு இலக்கம் இல்லை.
ஒரு ஆள் வந்து குருணல் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார்,
அதைச் சொல்லலாம்.

இரவு படிவத்தைத் திறந்தேன்.
‘ஷெல்’லை அழித்து ‘சங்கிலி’ என்று இட்டேன்.
‘வாத்தியம்’ என்ற கட்டத்தில்
கணினி ஒரு பட்டியலை விரித்தது:
ஆர்மோனியம், உடுக்கு, தவில், மிருதங்கம், பிற.
பிற. சைக்கிள்.
‘மிதித்தவர்’ என்று கட்டம் இல்லை, ஒன்று உண்டாக்கினேன்.
ரொறன்ரோ கேள்வி கேட்கும். கேட்கட்டும்.
திருத்திய பிரதியையும் எறியவில்லை,
பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்,
அவரை மட்டும் கேட்க விரும்புகிறவர்களுக்காக.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் கட்டம் கிடைக்கவில்லை.
ஒப்புதல் தாளில் கையெழுத்து வைக்கப்போனவ
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டா:
‘அந்தச் சவர்க்காரம்,
அதையும் எழுதிப்போட்டியளோ?’