எட்டு மில்லிமீட்டர்

சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான்.
முழங்கை மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரல்வரை,
தோள்குழியிலிருந்து கன்னமேடுவரை,
கழுத்தின் நீளம்,
கண்ணுக்கும் தாடைக்கும் நடுவே எவ்வளவு என்று.
மூச்சை விடுங்கள் என்றேன். விட்டார்.
எழுதிக்கொண்டேன்.

"மானுக்கா?"
"இல்லைம்மா, இரும்புக்கு.
ஆயிரம் மீட்டரில் ஒரு வெள்ளைத் தட்டு.
காவடி எடுக்கிறவன் நான்,
ரத்தம் வேண்டாம்."

தயாளன் படையாச்சி.
நார்த்டேல் பள்ளியில் கணக்கு.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நாலு கடை தள்ளி
ஆயத்தத் துப்பாக்கி பாதி விலைக்குக் கிடைக்கும்,
அதையும் சொன்னேன்.
"அது யாருக்கோ செய்தது" என்றார்.

குழலைக் கடைசலில் பூட்டிய இரவு
மின்வெட்டு, இரண்டு தடவை.
அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால்
தோட்டா அறை கோணும்,
அந்தக் கோணல்
ஆயிரம் மீட்டர் போய்ச் சேரும்போது
ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும்.
மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு
மைக்ரோமீட்டரைக் குனிந்து பார்த்த என்னை
வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார்:
என்ன பூசை இது, பிரசாதம் எப்போது?

முடிந்தது. ஆனால் கொடுக்க முடியாது.
போலீஸ் அனுமதிச் சீட்டு வரும்வரை
துப்பாக்கி என் பெட்டகத்தில்தான் நிற்கவேண்டும்.
பிரிட்டோரியாவில் ஏதோ ஒரு மேசையில்
ஏதோ ஒரு கட்டின் அடியில்
அவர் பெயர் படுத்திருந்தது.

சனிக்கிழமைதோறும் வந்தார்.
உள்ளே இருக்கிற தம்பியைப் பார்க்கப் போகிறவர் மாதிரி
பிளாஸ்டிக் பையில் முறுக்கோடு.
கடைத் தரையில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து
எதிர்ச்சுவர்க் காலண்டரில்
அமாவாசையின் கறுப்புப் பொட்டைக் குறிவைப்பார்.
தோட்டா இல்லாத விசை.
டிக்.
எழுந்து, தூசி தட்டி,
"அடுத்த வாரம்" என்பார். எனக்கல்ல.

ஐந்தாம் மாதம் மூன்று சனிக்கிழமை வரவில்லை.
நாலாவதில் வந்தார்,
மணிக்கட்டில் கிரேஸ் ஆஸ்பத்திரிப் பட்டை.
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.
முறுக்கை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.
படுத்தார். வெகுநேரம் நெளிந்தார்.
கன்னம் மரத்தைத் தொடவில்லை,
விரல் விசைக்கு எட்டி எட்டிப் போனது.

"கட்டை வளர்ந்திருக்கிறது."

வெட்டிய மரம் வளராது என்று
கணக்கு வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது?
"இந்த ஊர் ஈரத்துக்கு வளரும்" என்றேன்.

எட்டாம் மாதம் சீட்டு வந்தது.
மறுபடி அளவெடுத்தேன்.
மூச்சை விடுங்கள் என்றபோது
விடுவதற்கு அதிகம் இல்லை.
வால்நட் கட்டையின் அடியில் பென்சில் கோடு,
மெல்லிய ரம்பம்.
பிஸ்கட் கனத்தில் ஒரு சீவல் விழுந்தது.
குப்பைத்தொட்டிக்குப் போன என் கையை
அவர் குரல் நிறுத்தியது:
"எறிந்துவிடாதீர்கள்.
உடம்பு தேறினால் ஒட்டிக்கொள்ளலாம்."

மூய் ரிவருக்கு அப்பால் ஒரு பண்ணை.
புல் முழுக்க இடப்பக்கம் சாய்ந்திருந்தது,
தூரத்தில் கானல் வலப்பக்கம் ஓடியது.
இரண்டில் எது பொய் சொல்கிறது என்று
நோட்டில் கூட்டிக் கழித்தார்.
முதல் குண்டு, தட்டுக்கு ஒரு சாண் இடம், செம்மண் தூள்.
திருகைக் காதில் வைத்துக் கேட்பதுபோல்
இரண்டு சொடுக்குத் திருப்பினார்.

இரண்டாவது.
குண்டு போய்ச்சேர ஒன்றரை நொடி,
சத்தம் திரும்பி வர மூன்று.
அந்த நாலரை நொடிக்குள்
யாரும் எதையும் திருத்த முடியாது.
மாட்டு மணி ஒன்று கேட்டது.
அவர் முதுகு ஏறி இறங்கியது.

டங்.

எழுந்திருக்கவில்லை.
புல்லில் கன்னத்தை வைத்தபடியே சொன்னார்:
"விடை சரி.
வழிமுறைக்கும் மதிப்பெண் போடுங்கள்."

துப்பாக்கி நின்ற இடம் பெட்டகத்தில் காலி.
அங்கே சீவலை வைத்திருக்கிறேன்,
பின்பக்கம் அவர் பெயர், தேதி, எட்டு மி.மீ.
சோதனைக்கு வந்த அதிகாரி புரட்டிப் பார்த்தார்.
இதற்குச் சீட்டு எங்கே என்றார்.
வேண்டியதில்லை என்றேன்.
வைத்துவிட்டுப் போனார்.