கடைசி டோக்கனுக்குப் பிறகு

அம்பாசமுத்திரம், டாக்டர் வீட்டு முன்னறை.
ராத்திரி ஒன்பதே கால்.
முப்பத்தெட்டாம் நம்பர் இருமிக்கொண்டு உள்ளே போகிறது.
இன்னும் பதினோரு பேர் தீர்ந்தால்தான்
ரெப்புகளுக்குக் கதவு.
மடியில் பை. பைக்குள் ஒரே சர்க்கரை மாத்திரை
நான்கு கம்பெனியில், நான்கு பெயரில்.

யார் எத்தனை பெட்டி தள்ளினோம் என்று
செத்தாலும் சொல்லமாட்டோம்.
வழியில் கண்டதை மட்டும் ஒளிப்பதில்லை.

இன்னாசிமுத்து தொடங்குவார், எப்போதும் அவர்தான்.
"கடையத்துக்கிட்ட ரயில்வே கேட்டு இருக்குல்லா,
அது தெறந்து கெடந்தா ஒண்ணுங் கெடையாது.
மூடியிருக்கணும் வே.
எல்லாவனும் ஆரன் அடிப்பான்,
நீரு எஞ்சினை அமத்திட்டு மேக்க பாரும்.
மலை இடுக்குலேர்ந்து ஒரு காத்து வரும்,
கழுத்து வழியா புகுந்து முதுகுல எறங்கும்.
நாலு நிமிஷம்.
ரயிலு வந்துட்டுன்னா போச்சு."

காந்திமதிநாதனுக்குக் கூந்தன்குளம்.
பறவை பார்க்க யாரும் போகலாம்;
அவர் சொன்னது ஒரு பலசரக்குக் கடையை.
கருவேல மரத்திலிருந்து தவறிய கூழைக்கடாக் குஞ்சு
கால் வீங்கிக் கிடந்ததாம்,
தராசுத் தட்டுக்குப் பக்கத்தில், சாக்கின் மேல்.
"பிள்ளைகளுக்குக் குடுக்க சொட்டு மருந்துதான்,
ஸ்ட்ராபெரி வாசம். ரெண்டு சொட்டு.
இப்பம் என்னைக் கண்டாலே வாயைத் தெறக்கு!
சாம்பிள் கணக்குல ஒரு பாட்டில் இடிக்கும்,
மேனேஜர்ட்ட எந்த டாக்டர் பேரைச் சொல்ல?"
சிரித்தோம். கம்பவுண்டர் முறைத்தார்.

பிறகு நான்.
மூலைக்கரைப்பட்டி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்.
பின்பக்கம் கக்கூஸ்.
கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு.
தண்ணீர் உண்டு.
பையை மாட்ட ஓர் ஆணிகூட உண்டு.

மூவரும் பேசவில்லை.
எந்தப் பனைக்குப் பின்னாலும் ஒதுங்கிக்கொள்கிறவர்களுக்கு
இதில் என்ன இருக்கிறது?
ஆறு வருஷம், நாலு தாலுகா,
சித்திரை வெயிலிலும்
தண்ணீர் குடிக்காமல் கிளம்பின காலைகள்.
இந்தச் சீமையில் நான் கண்டுபிடித்ததில் பெரியது
அந்த ஆணி.
"குறிச்சுக்கிடுங்க, வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போகையில ஆகும்," என்றேன்.
செய்யது மசூது மட்டும் நிஜமாகவே எழுதினார்,
ஆர்டர் புத்தகத்தின் பின்னட்டையில்.

பதிலுக்குத் தன்னுடையதைத் தந்தார்.
இட்டமொழிப் பக்கம், ரோட்டுக்கு மேற்கே
காற்றாலைகள் ஒட்டி நிற்கும் ஒன்றரைக் கிலோமீட்டர்.
பொழுது சாய்ந்தால் இறக்கை நிழல்கள்
தாரில் விழுந்து விழுந்து ஓடும்.
"சரியா நாப்பதுல போங்க மேடம்,
ஒரு நிழல்கூட மேல படாது.
எல்லாம் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு வெட்டிட்டுப் போகும்.
நாப்பத்தஞ்சு ஆவாது."

வியாழக்கிழமை போனேன்.
காற்று செத்துக் கிடந்தது.
ஒரு இறக்கை அசையவில்லை;
நாற்பதும் ஒன்றுதான், அறுபதும் ஒன்றுதான்.
திரும்புவதற்குக் காலை ஊன்றியபோது பார்த்தேன்:
மரமே இல்லாத பொட்டலில்
தூணின் நிழல் மெலிந்து கிழக்கே கிடக்க,
அதற்குள் முப்பது செம்மறி,
ஒன்றின் பின் ஒன்று, தலையைத் தொங்கப்போட்டு
ஒற்றை வரிசையில்.
நடுவில் ஓர் ஆட்டின் இடத்தில்
துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார் கீதாரி.
நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்தது,
யாரும் சொல்லாமல்.

ரோட்டை எட்டும் நுனியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்
கடைசி ஆட்டுக்குப் பின்னால் நின்று
டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம்.
இரண்டு தடவை நகர்ந்தேன்.
மூன்றாம் தடவை, மறந்து நின்றபோது
முன்னால் நின்ற ஆடு திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரம் அதே முன்னறை, அதே இருமல்.
"போனீங்களா மேடம்? நாப்பதுல?"
"போனேன்."
"ஒண்ணாவது மேல பட்டுதா?"
"ஒண்ணு," என்றேன். "அரை மணி நேரம்."
கம்பவுண்டர் கை காட்டிவிட்டார்.
மசூது எழுந்து டையை இழுத்துவிட்டபடி சொன்னார்:
"அப்பம் நாப்பத்திரெண்டுல போயிருப்பீங்க."