மூன்றாவது துளை

பழைய காஸ் சிலிண்டரின் தலையை அறுத்து,
உள்ளே பீங்கான் பஞ்சு சுற்றி, மேலே களிம்பு பூசி,
ஹெல்வே தானே கட்டிய உலை.
கொட்டகைக்கு வெளியே ஹாப்சாலுவின் பிப்ரவரி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
உள்ளே எவ்வளவு?

சோற்றுலை அல்ல இது,
ஒன்றைப் பதம் பார்த்து மற்றதை நம்ப.

முதல் துளை பர்னருக்கு நேர் எதிரே.
மீட்டர் ஒரே பாய்ச்சலில்
ஆயிரத்து இருநூற்று நாற்பது என்றது.
இரும்போ இன்னும் கருஞ்சிவப்பில் சோம்பிக் கிடந்தது.

இரண்டாவது, பின்சுவருக்குள் புதைத்து.
எண் அறுநூறு வரை நடந்துபோய் உட்கார்ந்துகொண்டது.
காஸை மூடிக் கால்மணி ஆகியும்
அதே அறுநூறு.
சுவருக்கு எப்போதும் நேற்றைய செய்தி.

வானிலை நிலையத்தில் இருபத்தாறு வருஷம்
வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து எண் குறித்தவள் அவள்.
புல்லுக்கு மேலே இரண்டு மீட்டர்,
கதவு வடக்கே பார்த்து,
காற்று நுழையலாம், வெயில் நுழையக் கூடாது.
வெயிலில் வைத்த தெர்மாமீட்டர்
தன் காய்ச்சலைத்தான் சொல்லும்.
இங்கே நிழலுக்கு எங்கே போவது?

ஐவர் வந்தான், பூட்ஸில் உப்பும் பனியுமாக.
பனிக்கடலில் துளை போட்டு மீன் பிடிக்கிறவன்.
போன மாதம் அவள் பதம் வைத்துத் தந்த கடப்பாரை முனை
இரண்டாவது குத்திலேயே கண்ணாடியாகத் தெறித்தது.
அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.
துண்டு கடலுக்குள் போய்விட்டது,
அவ்வளவுதான் சொன்னான்.

மூன்றாவது துளை பக்கவாட்டில்,
தரையிலிருந்து இரண்டு விரல் உயரம்.
சுடர் மேலே சுழன்று போக, சுவரைத் தொடாமல்,
முனை படுக்கும் இடத்துக்கு அருகே
கம்பியும் படுத்துக்கொண்டது,
மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில் மாதிரி.
அப்போதும் அது சொல்வது அதன் சூட்டைத்தான்.
ஆனால் இப்போது இருவருக்கும் ஒரே காய்ச்சல்.

ஏறக்குறைய.
இடுக்கியில் முனையை எடுத்துக் காந்தத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.
ஒட்டியது. ஒட்டியது.
வழுக்கி விலகியபோது எழுநூற்றுத் தொண்ணூறு.
எழுநூற்று எழுபதிலேயே விலகியிருக்க வேண்டும்.
சிலிண்டரின் முதுகில் சாக்பீஸால் எழுதினாள்:
இருபது கழிக்கவும்.
பதிவேட்டில் எழுதிய அதே சாய்ந்த கையெழுத்து.

இன்னும் கொஞ்சம் ஏற்றி, எண்ணெயில் அமிழ்த்தினாள்.
அரம் கடிக்காமல் வழுக்கியது.
பிறகு சமையலறை அடுப்பில் இரண்டு மணி நேரம்,
முறுக்கு தணிய, வைக்கோல் நிறம் வர.
வீடு முழுக்க எண்ணெய்ப் புகை.
பழைய துளைகள் இரண்டிலும் பஞ்சு அடைத்தாள்.
ஒன்றில் மட்டும் செம்புள்ளி ஒளி கசிந்துகொண்டே இருந்தது.

ஐவர் கடப்பாரையைத் தோளில் சாய்த்தான்.
"பனி எவ்வளவு தடிமன் இப்போது?"
"தெரியாது. குத்திப் பார்த்துக்கொண்டேதான் நடப்பேன்.
இதுதானே என் மீட்டர்."

அவள் கையுறையைக் கழற்றாமல் கேட்டாள்:
"எந்த இடத்தில் குத்துவாய்?"